500 கே.வி.ஏ. உயரழுத்த இணைப்பு: கேட்புக் கட்டணம் குறித்து ஒரு வார்ப்பாலைக்காரரின் மதிப்புரை

கோவைக்கு அருகே சிறிய வார்ப்பாலை ஒன்றை நடத்துகிறேன். 500 கிலோ கொள்ளளவுள்ள இண்டக்‌ஷன் உலை ஒன்று, இரண்டு கம்ப்ரசர், மணல் கலக்கும் இயந்திரம், ஷாட் பிளாஸ்டிங் இயந்திரம், கிரைண்டர்கள். என் மின்சுமை இவ்வளவுதான். இவற்றுக்காகப் பெற்ற 500 கே.வி.ஏ. (இழுக்கும் சுமையை அளக்கும் அலகு) உயரழுத்த இணைப்பை, அதாவது நம் பகுதியில் எச்.டி. சர்வீஸ் என்று சொல்லப்படுவதை, மற்றச் சேவைகளை மதிப்பிடுவது போலவே மதிப்பிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. யூனிட் விலை உயரும்போதெல்லாம் எல்லோரும் பேசுகிறோம். பில்லில் கேட்புக் கட்டணம் என்று வரும் தொகை எந்த வரையறையின்படி கணக்கிடப்படுகிறது என்பதை ஒப்பந்தத்தை எடுத்து வைத்துப் படித்தவர்கள் எங்கள் பக்கத்தில் மிகக் குறைவு. நானும் மூன்று ஆண்டுகள் படிக்காமலேதான் கட்டினேன்.

உயரழுத்த நுகர்வோர் இரண்டு பொருள்களை வாங்குகிறார். ஒன்று, மாதம் முழுவதும் ஓடித் தீர்ந்த யூனிட்டுகள். மற்றொன்று, எந்த நேரத்திலும் இவ்வளவு சுமையை இழுத்துக்கொள்ளலாம் என்ற உரிமை; கேட்புக் கட்டணம் இதற்குத்தான். கல்யாண மண்டபத்துக்கு வாடகை தனி, இலைக் கணக்கு தனி என்பதைப் போன்ற ஏற்பாடு இது. விருந்தினர் பாதிப் பேர்தான் வந்தார்கள் என்பதற்காக மண்டப வாடகை குறையாது. இந்த வாடகை உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கு 2022 செப்டம்பர் 10-ஆம் தேதி கே.வி.ஏ. ஒன்றுக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ரூபாயாக உயர்ந்தது. அதன்பின் 2023 ஜூலையில் 562, 2024 ஜூலையில் 589, 2025 ஜூலையில் 608 என்று ஏறியது. யூனிட் விலை இதே காலத்தில் 6.35 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய்க்கு வந்திருக்கிறது. இலைக் கணக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கூடியது. மண்டப வாடகை முக்கால் பங்கு கூடிவிட்டது.

ஆனால் விகிதத்தைவிட அதைப் பெருக்க எடுத்துக்கொள்ளும் எண் எது என்பதுதான் முக்கியம் என்று இப்போது சொல்வேன். அந்த மாதத்தில் மீட்டர் பதிவு செய்த உச்சக் கேட்பு (இழுத்த அதிகபட்சச் சுமை), அல்லது ஒப்பந்தக் கேட்பில் (இழுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிய சுமை) 90 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் என்பது விதி. என் ஒப்பந்தத்துக்கு அந்த 90 சதவீதம் 450 கே.வி.ஏ. வேலை குறைந்த மாதத்தில் உச்சம் 310-ஐத் தாண்டவில்லை என்றாலும் 450-க்குரிய 2,73,600 ரூபாயைத்தான் கட்டுகிறேன். பதிவான அளவுக்கு மட்டும் என்றால் 1,88,480 ரூபாய் ஆகியிருக்கும். ஒரு ஷிப்ட் மட்டும் ஓடி 60,000 யூனிட் செலவாகும் மாதத்தில் இந்த வாடகை மட்டும் யூனிட்டுக்கு 4.56 ரூபாய் விழுகிறது. ஆர்டர் நிறைந்து 1,50,000 யூனிட் ஓடினால் அதுவே 1.82 ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது. ஆக, சந்தை நன்றாக இருக்கும்போது மின்சாரம் மலிவாகவும், சந்தை படுத்துவிட்டால் விலை கூடியும் வருகிற ஒரு சேவையை நாம் வாங்கியிருக்கிறோம்.

எல்லையைத் தாண்டினால் கணக்கு வேறு. ஒப்பந்தக் கேட்புக்கு மேல் போன அளவுக்கு மட்டும் இரட்டிப்பு விகிதம். பொங்கல் விடுமுறை முடிந்து ஆலையைத் திறந்த ஒரு காலை, உலை முழுச் சுமையில் இருக்கும்போதே கம்ப்ரசர்கள் இரண்டையும் ஷாட் பிளாஸ்டிங்கையும் சேர்த்து ஓட்டச் சொன்னேன். லாரி காத்திருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை. மீட்டரில் 540 பதிவாகிவிட்டது. இன்றைய விகிதத்தில் அந்தக் கூடுதல் 40 கே.வி.ஏ.வுக்கு மட்டும் 48,640 ரூபாய். மீட்டர் கணத்துக்குக் கணம் துள்ளும் மின்னோட்டத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. குறிப்பிட்ட நிமிட இடைவெளியின் சராசரியைத்தான் எடுக்கிறது. ஆகவே மோட்டார் தொடங்கும் நொடிக்குப் பயப்பட வேண்டியதில்லை, தொடர்ந்து சேர்ந்து ஓடுவதற்குத்தான் பயப்பட வேண்டும். இந்த வரையறை நுகர்வோருக்குச் சாதகமானது, நியாயமானதும்கூட.

எனக்கு உடன்பாடில்லாத இடம் வேறொன்று. அந்த உச்சம் எந்த நேரத்தில் வந்தது என்பதை இந்த வரையறை பார்ப்பதே இல்லை. தமிழ்நாட்டு மின்தொகுப்பு 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது 2024 மே 2-ஆம் தேதி. அப்படிப்பட்ட கோடை நாளில் நான் 480 இழுப்பதும், மார்கழி மாதத்து அதிகாலை மூன்று மணிக்கு 480 இழுப்பதும் என் பில்லில் ஒன்றேதான். நெரிசல் நேரத்துக்கென்று 25 சதவீதம் கூடுதல் விதிக்கிறார்கள் என்றாலும் அது யூனிட்டின் மேல் விழுவது, கேட்பின் மேல் அல்ல. மகாராஷ்டிரத்தில் நீண்ட காலம் இருந்த விதியில், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பதிவாகும் உச்சம் மட்டுமே பில்லுக்கு வந்தது. அதே விதியில் முந்தைய 11 மாதங்களின் உச்சத்தில் ஒரு பங்கும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதால், ஒரு மாதத்துத் தவறு ஓராண்டு பின்தொடரவும் செய்தது. நம் விதியில் மாதம் முடிந்ததும் அந்தப் பழி தீர்ந்துவிடுகிறது என்பதை இங்கே பாராட்டத்தான் வேண்டும்.

இன்னும் எட்டிப் பார்த்தால், அமெரிக்காவின் கிழக்கில் பி.ஜே.எம். என்ற மின்தொகுப்பின் பகுதியில் ஒரு பெரிய நுகர்வோரின் திறன் பங்கு, அதாவது மின்சாரம் தரத் தயாராக இருக்கும் நிலையங்களுக்கான செலவில் அவர் ஏற்க வேண்டிய பங்கு, சென்ற கோடையில் தொகுப்பு முழுவதுமே அதிகச் சுமையில் இருந்த ஐந்து மணி நேரங்களில் அவர் எவ்வளவு இழுத்தார் என்பதைக் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது. அந்த நேரங்களில் ஆலையை அணைத்து வைத்தவருக்கு அடுத்த ஆண்டுப் பங்கு குறையும். அங்கே ஆபத்து விலையில் இருக்கிறது. ஒரு மெகாவாட் திறனுக்கு ஒரு நாளுக்கு 2024-25-இல் 28.92 டாலராக இருந்த ஏல விலை அடுத்த ஆண்டுக்கு 269.92 டாலர் ஆனது. திறன் செலவு நிலையான விலைக்குள் அடங்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவர் தப்பித்தார். வந்தது வந்தபடி வாடிக்கையாளருக்கு என்று கையெழுத்திட்டவர் முழுச் சுமையையும் ஏற்றார். இங்கே மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஆண்டுக்கொரு முறை அறிவிக்கும் விகிதத்தை நாம் எவ்வளவு குறை சொன்னாலும், இப்படி ஒரே தாவலில் ஒன்பது மடங்கு ஆவதில்லை.

மின்வாரியமும் இதே போன்ற வாடகையைத்தான் மேலே கட்டுகிறது. மத்திய அனல் நிலையங்களிலிருந்து வாங்கும் மின்சாரத்துக்குத் திறன் கட்டணம், எரிபொருள் கட்டணம் என இரண்டு பகுதிகள் உண்டு. தென் மண்டலத்தில் 2003 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த இருப்பு அடிப்படையிலான கட்டண முறையில், நிலையம் இவ்வளவு தரத் தயார் என்று நாள்தோறும் அறிவிக்கிறது. அந்தத் தயார்நிலை பொதுவாக 85 சதவீதத்தை எட்டினால் முழுத் திறன் கட்டணம் கிடைக்கும், எட்டாவிட்டால் குறையும். வாங்குபவர் எடுக்காமல் விட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும். எங்களிடம் வசூலிக்கும் 90 சதவீதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பதால் அதை வெறும் பறிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் விற்பவருக்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. நாள்தோறும் தயார்நிலையை அறிவித்து, அது குறைந்தால் பணத்தையும் குறைத்துக்கொள்ளும் அப்படியொரு கடமை என் கையிலுள்ள ஒப்பந்தத்தில் எதிர்ப்பக்கத்துக்கு இல்லை.

விதிவிலக்கு ஒன்று இருப்பதை 2020 ஊரடங்கின்போதுதான் பலரும் அறிந்தோம். சட்டப்படியான அதிகாரத்தால் நுகர்வோர் மின்சாரத்தைப் பயன்படுத்த முடியாமல் தடுக்கப்பட்டால், பதிவான கேட்பு அல்லது ஒப்பந்தக் கேட்பில் 20 சதவீதம், இவற்றில் அதிகமானதை வசூலித்தால் போதும் என்று 2004-ஆம் ஆண்டின் மின் வழங்கல் விதித்தொகுப்பில் ஓர் உட்பிரிவு இருந்தது. தொழில்துறையினர் சென்னை உயர் நீதிமன்றம் சென்று அதைப் பெற்றார்கள். பதினாறு ஆண்டுகளாக அச்சில் கிடந்த ஒரு வரி அது.

இனி, இதனோடு சேர்ந்து நான் வாங்கிய இன்னொரு சேவை. மின்தணிக்கை செய்யும் நிறுவனம் ஒன்று (பெயர் வேண்டாம்) கபாசிட்டர் பேனலைப் புதுப்பித்து, சுமை ஏறும்போது ஒலியெழுப்பும் கருவியையும் பொருத்தித் தர முன்வந்தது. வேலை சுத்தமாகவே இருந்தது. 360 கிலோவாட் சுமைக்குப் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கே.வி.ஏ.வில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.85 என்றால் 423 கே.வி.ஏ.; கபாசிட்டரால் அது 0.98 ஆனால் 367 கே.வி.ஏ. எனவே 56 கே.வி.ஏ. மிச்சம், மாதம் 34,000 ரூபாய் சேமிப்பு, அதில் 40 சதவீதம் எங்களுக்குக் கட்டணம் என்று ஒப்பந்தத்தை நீட்டினார்கள். கையெழுத்திடும் முன் என் கணக்காளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சார், 423-ம் 450-க்குக் கீழே, 367-ம் 450-க்குக் கீழே. பில்லில் என்ன குறையும்?” கேட்புக் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அவர்கள் சேமிப்பு என்று வரையறுத்தது பதிவான கேட்பின் குறைவை. நான் பணம் கட்டுவதோ பில்லுக்குரிய கேட்புக்கு. அந்தச் சொல்லை மாற்றி எழுதித் தந்த பிறகே ஒப்பந்தம் முடிந்தது. ஒலியெழுப்பும் கருவி மட்டும் பொங்கல் கதை மறுபடி நேராமல் காத்துவருகிறது. அதற்காக அவர்களுக்கு ஐந்தில் மூன்றரை தருவேன்.

இணைப்புக்கு மதிப்பெண் தருவதானால், கணக்கிடும் முறையின் தெளிவுக்கு நான்கு, மாதந்தோறும் புதிதாகத் தொடங்கும் நியாயத்துக்கு நான்கு, நேரம் பார்க்காத உச்சத்துக்கு இரண்டு, ஒரு ஷிப்ட் ஆலைகளை 90 சதவீதம் படுத்தும் பாட்டுக்கு ஒன்றரை. இரண்டு மூன்று ஷிப்ட் ஓடும் நூற்பாலைக்கு இந்த இணைப்பு பொருந்தும். ஆர்டர் வந்தால் ஓட்டி, வராவிட்டால் அணைக்கும் எங்களைப் போன்றவர்கள், ஆலையில் உள்ள இயந்திரங்களின் குதிரைத்திறனையெல்லாம் கூட்டி ஒப்பந்தக் கேட்பைக் கேட்கக் கூடாது. எவை சேர்ந்து ஓடும் என்பதை ஒரு வாரம் குறித்துவைத்துப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும். நான் 380-ஆகக் குறைத்தால் குறைந்தபட்சம் 342-க்குக் கட்டினால் போதும். உச்சம் அதைத் தாண்டாத மாதத்தில் 65,664 ரூபாய் மிஞ்சும். பிறகு பெரிய ஆர்டர் வந்து மறுபடி 500 கேட்டால் புதிதாக வைப்புத்தொகையும் வளர்ச்சிக் கட்டணமும் கட்ட வேண்டிவரும் என்பதால், குறைப்பு விண்ணப்பத்தைப் பூர்த்திசெய்து, தேதி மட்டும் போடாமல் மேசையில் வைத்திருக்கிறேன்.