கான்ட்ரேராஸ் பெயர் போட்ட கப்ஸ் ஜெர்சி: மூன்று கோடை துவைத்த பிறகு

முதலில் துணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதில் குறையே இல்லை. சிகாகோ கப்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணி சொந்த மைதானத்தில் போடும் சட்டை இது. வெள்ளையில் மெல்லிய நீலக் கோடுகள், முன்னால் பட்டன், இடது மார்பில் வட்டச் சின்னம். அந்த மைதானமான ரிக்லி ஃபீல்டின் பிளீச்சர்ஸில், அதாவது கூரையில்லாத இருக்கைகளில், மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார்ந்தாலும் முதுகில் ஒட்டாது. தோள் தையல் இன்றுவரை பிரியவில்லை. அளவு மட்டும் கொஞ்சம் தாராளம். வழக்கமாக எல் போடுபவருக்கு எம் போதும்.

வம்பெல்லாம் முதுகில்தான். ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்துப் பெயர், அதன் கீழே 40. அப்போது கப்ஸின் கேட்சராக, பந்து எறிபவருக்கு எதிரே குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவராக, இருந்த வில்சன் கான்ட்ரேராஸ்.

வாங்கியது 2022 ஆகஸ்ட் 2, செவ்வாய்க்கிழமை. அன்று மாலை ஐந்து மணிக்கு, அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் ட்ரேட் கெடு முடிந்தது. முந்தைய வாரம், கெடுவுக்கு முன் ரிக்லியில் நடந்த கடைசி ஆட்டத்தில் கான்ட்ரேராஸும் சக வீரர் இயன் ஹாப்பும் வீரர்கள் உட்காரும் டக்அவுட்டில் கட்டிப்பிடித்து நின்றார்கள். கான்ட்ரேராஸ் கண் கலங்கியிருந்தார். இனி இந்த மைதானத்துக்குத் திரும்பப் போவதில்லை என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். நினைக்கக் காரணம் இருந்தது. 2021 கெடுவில் ரிஸ்ஸோ, பாயேஸ், பிரையன்ட் என்ற நட்சத்திர வீரர்கள் மூன்று பேரையும் இரண்டே நாளில் வேறு அணிகளுக்கு அனுப்பியது இதே கப்ஸ் நிர்வாகம்தான். 2016-இல், 1908-க்குப் பிறகு முதல்முறையாக உலகத் தொடர் என்ற சாம்பியன் பட்டத்தை வென்ற கப்ஸ் அணியில் மிச்சமிருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் ஒருவர் கான்ட்ரேராஸ்.

கெடு நாளில் அலுவலகத்தில் போனை மேஜைக்கடியில் வைத்துத் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். கப்ஸ் பிட்சர்களில் (பந்து எறிபவர்களில்) ராபர்ட்சன் போனார், எஃப்ராஸ் அதற்கு முந்தைய நாளே போயிருந்தார். ஐந்து மணி ஆயிற்று. கான்ட்ரேராஸ், ஹாப் என்ற அந்த இரண்டு பெயர் மட்டும் வரவில்லை. ஐந்தே முக்காலுக்கு ஜெர்சியை ஆர்டர் செய்துவிட்டேன். வரியோடு 150 டாலருக்குக் கொஞ்சம் மேலே. பெயர் அச்சிட்ட சட்டையைத் திரும்ப எடுக்க மாட்டோம், சம்மதமா என்று கடையின் தளம் கேட்டது. யோசிக்காமல் டிக் அடித்தேன்.

"ஹாப் பெயரைப் போட்டுக்கோங்க, நாலே எழுத்து" என்றாள் மனைவி. கேட்கவில்லை. அவள் தனக்கு ஹாப்பின் 8-ஐ ஆர்டர் செய்துகொண்டாள்.

அச்சு விஷயத்துக்கு வருகிறேன். ஆறாவது துவைப்பில் பூஜ்யத்தின் மேல் வளைவு நகம் பெயர்வதுபோல் லேசாக எழும்பியது. உள்பக்கம் திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் துவைத்து, கொடியில் காயவைத்த சட்டை இது. ட்ரையரில் போட்டது ஒரே ஒரு முறை, அதுவும் என் தப்பு. மேலே துணி போட்டு இஸ்திரி வைத்தேன், பத்து நாள் தாங்கியது. கடைக்குப் படம் எடுத்து அனுப்பினால், திரும்ப எடுக்க மாட்டோம் என்ற அதே வரியை ஒட்டி அனுப்பினார்கள்.

இதற்குள் ஆளும் உரிந்து போய்விட்டார். செப்டம்பரில் பெரும்பகுதி கணுக்கால் காயம். அணி 74 வெற்றி, 88 தோல்வியோடு முடித்தது. ஒப்பந்தம் முடிந்தவரைத் தக்கவைக்க, ஓராண்டுக்கு 1.965 கோடி டாலர் தருகிறோம் என்று கப்ஸ் நீட்டிய குவாலிஃபையிங் ஆஃபரை மறுத்துவிட்டு, டிசம்பரில் ஐந்து ஆண்டுக்கு 8.75 கோடி டாலருக்கு கார்டினல்ஸுக்குப் போனார். போயும் போயும் பரம எதிரி கார்டினல்ஸ்! ஆஃபரை மறுத்துப் போனதால் இழப்பீடாக, புது வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் 2023 டிராஃப்டில் கப்ஸுக்கு ஒரு தேர்வு கிடைத்தது. 68-ஆவது இடம். முழங்கை அறுவை செய்திருந்த ஜாக்சன் விகின்ஸ் என்ற பிட்சரை எடுத்தார்கள். அந்த ஆண்டு சிறந்த வீரர்கள் மோதும் ஆல்ஸ்டார் ஆட்டத்தில் முதலில் இறங்கிய கேட்சரான கான்ட்ரேராஸை ஜூலையில் விற்றிருந்தால் இதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்றுதான் எனக்கு இப்போதும் படுகிறது. ஆனால் ஆகஸ்ட் 2 மாலையில் இதை யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

2023 மே 8 அன்று கார்டினல்ஸ் அணியோடு கான்ட்ரேராஸ் ரிக்லிக்கு வந்தார். எண் அதே 40, சட்டைதான் சிவப்பு. நான் இதைப் போட்டுக்கொண்டு போனேன். முதலில் கைதட்டல், அப்புறம் கூச்சல். பக்கத்து இருக்கைப் பெரியவர் என் முதுகைப் பார்த்துவிட்டு, "பூஜ்யத்தையும் அவர் கொண்டுபோய்விட்டாரா?" என்றார்.

துணிக்கு ஐந்து நட்சத்திரம், அச்சுக்கு இரண்டு. வாங்குவதானால் முதுகு வெறுமையாக வாங்குங்கள். பெயர் வேண்டுமென்றால் நீண்ட ஒப்பந்தம் போட்ட ஆளாகப் பாருங்கள். ஹாப் 2023 ஏப்ரலில் மூன்று ஆண்டுக்கு 6.1 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். மனைவியின் 8, அதே கடை, அதே வாரம் வாங்கியது, இன்னும் ஓரம்கூட எழும்பவில்லை.