தலைச்சுற்றலுக்கு மாத்திரையா, தலையைத் திருப்பும் சிகிச்சையா, வீட்டுப் பயிற்சியா?

எழுபது வயதைக் கடந்த என் தாயார், சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டாரத்தில் உள்ள வீட்டில் ஒரு நாள் விடியற்காலையில் வலப்பக்கம் புரண்டு படுத்தபோது, அணைத்து வைத்திருந்த மின்விசிறி சுற்றுவதாகச் சொல்லிக் கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். அரை நிமிடத்தில் அது அடங்கிவிட்டது. மறுநாளும் அதே பக்கம் புரண்டதும் வந்தது. அருகிலிருந்த ஒரு மருந்தகத்தில் (கிளினிக்கில்) தலைச்சுற்றலையும் குமட்டலையும் அடக்கும் ஸ்டெமெட்டில் மாத்திரை தந்தார்கள். தீர்ந்ததும் அதையே மறுபடியும் தந்தார்கள். ஆறு வாரம் கழித்துத்தான் இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் அவரைப் படுக்கவைத்துக் கண்களைப் பார்த்தார். அந்த ஆறு வாரம் தவிர்த்திருக்கக்கூடியது என்பதால்தான், நம் வீடுகளில் பேசப்படும் வழிகளை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில் எந்தத் தலைச்சுற்றல் என்பது தெரிய வேண்டும். உட்செவியில் தன் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டிய கால்சியம் கார்பனேட் துகள்கள் பிரிந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலை அசையும்போது அவையும் உருண்டு, உலகமே சுழல்வதாக மூளைக்குத் தவறான செய்தி போகிறது. தலையை ஒருபக்கம் திருப்பிச் சட்டெனப் பின்னால் படுக்கவைக்கும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனையில், சில விநாடிகள் கழித்துக் கண்விழிகள் சுழன்று துடிப்பதைக் கொண்டு இதைக் கண்டுபிடிக்கலாம். பெரும்பாலும் இதற்கு ஸ்கேன் கூடத் தேவைப்படுவதில்லை.

இந்த வகைக்கு, 1992இல் அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி விளக்கி வெளியிட்ட தலையைத் திருப்பும் முறையையே நான் முதலிடத்தில் வைப்பேன். பாதிக்கப்பட்ட பக்கம் தலையை 45 பாகை திருப்பிப் படுக்கவைத்து, பிறகு மறுபக்கம் 90 பாகை திருப்பி, உடலையும் புரட்டி முகம் தரையைப் பார்க்கும்படி செய்து, கடைசியில் எழுப்பி உட்கார வைக்கிறார்கள். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை காத்திருக்கிறார்கள். துகள்கள் குழாயைச் சுற்றி வந்து, தொல்லை தராத இடத்தில் போய் விழுகின்றன. அம்மாவுக்கு இரண்டாவது திருப்பத்தில் குமட்டல் வந்தது. சிகிச்சையாளரின் கையை விடவே இல்லை. மறுவாரம் வலப்பக்கம் படுத்துத் தூங்கினார். கழுத்தெலும்புத் தேய்மானமோ விழித்திரைக் கோளாறோ உள்ளவர்கள் இதை அனுபவமுள்ள கைகளிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும். துகள்கள் மீண்டும் பிரிவதும் உண்டு. பிரிந்தால் இதையே மறுபடியும் செய்யலாம்.

கட்டிலில் அமர்ந்து இடமும் வலமும் மாறி மாறிச் சாய்ந்து படுக்கும் பிராண்ட்-டாரோஃப் பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் நாளுக்கு மூன்று வேளை, வாரக்கணக்கில் செய்ய வேண்டும். பலனும் எப்ளி முறை அளவுக்கு விரைவாகக் கிடைப்பதில்லை. சிகிச்சையாளரைப் பார்க்கக் காத்திருக்கும் காலத்துக்கு இது போதும்.

மாத்திரையை நான் ஒதுக்கவில்லை. வாந்தியும் மயக்கமும் தாங்க முடியாத முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அது பெரும் உதவி. ஆனால் அது துகளை நகர்த்தாது. துகளால் வரும் தலைச்சுற்றலுக்கு வழக்கமாக இத்தகைய மருந்துகளைத் தர வேண்டாம் என்று 2017இல் வெளியான அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டுதல் சொல்கிறது. முதியவர்களுக்கு இந்த மருந்துகள் தூக்கக்கலக்கத்தையும், எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்குவதையும் உண்டாக்கலாம். விழுந்துவிடுவார் என்ற பயத்தில் தரும் மருந்தே அவரை விழவைப்பதைவிட வருத்தம் என்ன இருக்கிறது?

சமநிலை நரம்பு வீங்கி நாள்கணக்கில் விடாமல் சுற்றிய பிறகு மிஞ்சும் தள்ளாட்டம் வேறு கதை. அங்கே எப்ளி முறை பயன்படாது. சமநிலை மறுவாழ்வுப் பயிற்சிதான் வழி. கைநீட்டும் தூரத்தில் ஓர் எழுத்து அட்டையைப் பிடித்து, பார்வையை அதிலிருந்து விலக்காமல் தலையை இடவலமாக அசைப்பது அதில் ஒன்று. தொடக்கத்தில் தலைச்சுற்றல் கூடுவதுபோல் தோன்றினாலும், அந்தத் தடுமாற்றத்தைக் கொண்டுதான் மூளை ஈடுசெய்யப் பழகுகிறது. மாத்திரையை நீட்டித்தால் அந்தப் பழக்கம் தாமதப்படும்.

அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் காலைவேளைகளில் நடக்கும், மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சியான தைச்சி வகுப்பும் விழுவதைக் குறைக்க நல்லது. தள்ளாட்டம் மிஞ்சியவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம், துகளால் வரும் தலைச்சுற்றலுக்கு மட்டும் இது தீர்வாகாது. குளியலறைக் கைப்பிடிகளை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) முதியோருக்கான ஈஸ் திட்டத்தில் மானியத்துடன் பொருத்திக்கொள்ளலாம்.

பலதுறை மருந்தகத்தில் (அரசாங்க பாலிகிளினிக்கில்) பரிந்துரைக் கடிதம் பெற்றுச் சென்றால் மருத்துவமனைச் சிகிச்சைக்கு மானியம் கிடைக்கும், காத்திருக்க நேரலாம். ஆனால் தலைச்சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, முகம் கோணினாலோ, பொருள்கள் இரண்டாகத் தெரிந்தாலோ, பிடியில்லாமல் நிற்கவே முடியாமல் போனாலோ, எந்தப் பயிற்சியையும் நினைக்காமல் அவசர மருத்துவ வண்டிக்கு 995ஐ அழைக்க வேண்டும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.