லூப் ஹேபிட் டிராக்கர்: ஒரு நாள் விட்டால் பூஜ்யத்துக்குத் தள்ளாத ஆப்

பழக்கங்களைக் குறித்து வைக்க ஒரு ஆப் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது லூப் ஹேபிட் டிராக்கர்தான். ஆண்ட்ராய்டு ஆப். இலவசம், விளம்பரம் கிடையாது, கணக்கு தொடங்கச் சொல்லாது, நீங்கள் குறிப்பதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கும், ஓப்பன் சோர்ஸ் என்பதால் அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். இத்தனையும் நல்லதுதான், ஆனால் நான் இதைச் சொல்வதற்குக் காரணம் அது நாட்களை எண்ணுகிற விதம்.

இந்த வகை ஆப்களில் பலவும் ஸ்ட்ரீக்கைத்தான் பெரிதாகக் காட்டும், அதாவது இடைவிடாமல் எத்தனை நாள் செய்தீர்கள் என்ற எண்ணிக்கை. முதல் சில வாரங்களுக்கு அது நன்றாகவே உந்தித் தள்ளும். அப்புறம் ஒரு நாள் காய்ச்சல் வரும், இல்லை வீட்டில் யாருக்காவது முடியாமல் போகும், மறுநாள் ஆப்பைத் திறந்தால் பூஜ்யம். இரண்டு மாதம் உட்கார்ந்து படித்ததெல்லாம் நடக்கவே இல்லை என்பது போல. பலர் அந்த இடத்தில்தான் மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். ஒரு மொழியைக் கற்றுக்கொள்வது, நெடுந்தூர ஓட்டத்துக்கு உடம்பைத் தயார் செய்வது, ஒரு நாவலை எழுதி முடிப்பது எல்லாம் வருடக்கணக்கில் இழுக்கிற வேலைகள். அவ்வளவு காலத்தில் ஒரு நாள்கூடத் தவறாமல் இருக்க மனிதரால் ஆகாது, அதை எதிர்பார்க்கிற கணக்கும் சரியான கணக்கு இல்லை.

லூப் ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஒரு சதவீத மதிப்பெண் கொடுக்கிறது. செய்த நாளில் ஏறும், செய்யாத நாளில் கொஞ்சம் இறங்கும், சமீபத்திய நாட்களுக்கு எடை அதிகம், பழைய நாட்களின் எடை மெல்ல மெல்லக் குறையும். தினசரிப் பழக்கம் ஒன்றை விடாமல் செய்தால் ஒரு மாதத்தில் ஏறக்குறைய 80, இரண்டு மாதத்தில் 96, மூன்று மாதத்தில் 99 சதவீதம். 80-இல் இருக்கும்போது ஒரு நாள் விட்டால் 76-க்கு வரும், அவ்வளவுதான். அதே சமயம் இரண்டு வாரம் தொடர்ந்து விட்டால் பாதிக்கும் கீழே போய்விடும். ஒரு நாள் விடுவது பெரிய விஷயமில்லை, விட்டதே வழக்கமாகிவிடுவதுதான் ஆபத்து என்பதை இந்த எண் அப்படியே காட்டுகிறது. ஸ்ட்ரீக்கும் உள்ளே இருக்கிறது, வேண்டுமென்றால் போய்ப் பார்க்கலாம், ஆனால் அதைத் தூக்கி முன்னால் நிறுத்தவில்லை.

இது ஆராய்ச்சியோடும் ஒத்துப்போகிறது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவரோடு சேர்ந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது: ஒரு செயல் யோசிக்காமலே வருகிற அளவுக்குப் படிய நடுமதிப்பாக 66 நாள் (பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல்), ஆளைப் பொறுத்து 18-இலிருந்து 254 வரை. முதலில் வேகமாக ஏறி அப்புறம் மெதுவாகச் சமனாகிற கோடு அவர்களுக்குக் கிடைத்தது, லூப்பின் மதிப்பெண் கோடும் அதே வடிவம்தான். இடையில் ஒரு முறை தவறியது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்றும் அந்த ஆய்விலேயே இருக்கிறது.

ஆனால் ஒன்று, 99 சதவீதம் என்று திரையில் வந்துவிட்டால் பழக்கம் ஊறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் குடிப்பதற்கும் தண்டால் எடுப்பதற்கும் ஆப்புக்கு ஒரே சூத்திரம்தான், உடம்புக்கு அப்படி இல்லை. லாலியின் ஆய்விலும் உடற்பயிற்சிக்குத்தான் அதிக நாள் பிடித்தது.

தினமும் என்றுதான் வைக்க வேண்டும் என்றில்லை. வாரத்துக்கு 3 முறை என்று வைத்தால் அந்த மூன்றும் முடிந்ததும் மற்ற நாட்களில் மங்கலான டிக் தானாக விழும், ஓய்வு நாளைத் தோல்வியாகக் காட்டாது. பக்கம், நிமிடம், கிலோமீட்டர் என்று அளவு வைத்தும் குறிக்கலாம், இருபது பக்கம் என்று வைத்து பத்துதான் முடிந்தது என்றால் அந்தப் பத்துக்கும் மதிப்பு உண்டு. நோய், பயணம் போன்ற நாட்களுக்கு ஸ்கிப் வசதியை, அதாவது அந்த நாளைக் கணக்கில் எடுக்காமல் தாண்டிவிடுவதை, செட்டிங்ஸில் போய் இயக்கிக்கொள்ளுங்கள், மதிப்பெண் அசையாது. இதைத் தேடிப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர்.

பழக்கம் சேர்க்கும்போது ஒரு கேள்வி எழுதச் சொல்லும். அதை அலட்சியமாக விடாதீர்கள். "இன்று படித்தாயா?" என்பதைவிட "இரவு சாப்பிட்டதும் பத்துப் பக்கம் படித்தாயா?" என்று எழுதுவது எவ்வளவோ மேல், எப்போது, எதற்குப் பின், எவ்வளவு என்று மூன்றும் அதில் தீர்ந்துவிடுகிறது. நினைவூட்டல் வரும்போது அந்தக் கேள்விதான் திரையில் வரும், அங்கேயே டிக் போட்டுவிடலாம்.

இது செய்யாத வேலையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் இலக்குக்கு எந்தப் பழக்கம் சரி என்று இது சொல்லித் தராது. தினமும் பத்து வார்த்தை மனப்பாடம் என்று வைத்து 99-இல் நின்றாலும், யாரோடும் பேசிப் பழகாவிட்டால் மொழி வராது. அதனால் மாதத்துக்கு ஒரு முறை, இந்த டிக்குகள் என்னை எங்கே கொண்டுபோகின்றன என்று பார்ப்பதையே ஒரு பழக்கமாக உள்ளே சேர்த்து வைக்கலாம். ஆரம்பத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் சேர்க்க வேண்டாம், பட்டியல் நீண்டால் டிக் போடுவதே ஒரு வேலையாகிவிடும்.

வேறு போனோடு தானாக ஒத்திசைக்கிற வசதி கிடையாது. போன் தொலைந்தால் எல்லாம் போய்விடும், ஆகவே அவ்வப்போது முழு பேக்கப் எடுத்து வேறு இடத்தில் போட்டு வையுங்கள். சிஎஸ்வி கோப்பாகவும் எடுக்கலாம், வருடக் கடைசியில் விரிதாளில் போட்டு எந்த மாதம் தளர்ந்தோம் என்று பார்க்க வசதி. நண்பர்களோடு போட்டி, பதக்கம் எல்லாம் இருந்தால்தான் எனக்கு ஓடும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. மற்றவர்கள் விட்ஜெட்டை முகப்புத் திரையில் வைத்து இன்றே ஒன்றே ஒன்றில் தொடங்கலாம்.