பழைய டேப் டிரைவ், புது சேர்வர்: எந்த டிரைவர் போடலாம்?

கிளிநொச்சியில் நான் பார்த்துக்கொள்கிற அலுவலகம் ஒன்றில் எல்டிஓ-6 டேப் டிரைவ் (காந்த நாடாக் கசெற்றில் தரவுகளின் பிரதியை எழுதும் கருவி) ஒன்று ஓடுகிறது. கொழும்பில் கழித்துவிட்ட சாமான். ஒரு கசெற்றில் 2.5 டெராபைட் பிடிக்கும். எங்கள் கணக்குகளும் ஸ்கான் பண்ணின ஆவணங்களும் சேர்ந்தாலும் அதில் பாதி வராது. இந்தக் காலத்தில் டேப்பா என்று இங்கே யாரும் சிரிக்கவில்லை. 2009இல் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் தொலைத்த சனம். 2018 டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்தாயிற்று. எழுதி முடித்த கசெற்றை வவுனியா பஸ்ஸில் கொண்டுபோய் வேறு கட்டடத்தில் பூட்டி வைக்கலாம் என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

சேர்வரை மாற்றியபோது வந்த கேள்விதான் டிரைவர், அதாவது டேப் டிரைவோடு சேர்வர் பேச உதவும் மென்பொருள். விண்டோஸில் தயாரிப்பாளரின் டிரைவரா, லினக்ஸில் ஐபிஎம்மின் லின்-டேப்பா, லினக்ஸின் கருவான கேர்னலோடு வருகிற எஸ்டியா?

எதைப் போட்டாலும் முதலில் டிரைவையும் சேர்வரையும் இணைக்கும் சாஸ் கேபிள் எதில் கொழுவியிருக்கிறது என்று பாருங்கள். பல ரெய்ட் கார்டுகள் (பல டிஸ்க்குகளை ஒன்றாக இயக்குபவை) டேப் டிரைவைக் கண்டுகொள்வதே இல்லை. கருவியை நேரடியாகச் சேர்வரோடு இணைக்கிற சாதாரண எச்பிஏ கார்ட் வேண்டும். அது இல்லாவிட்டால் எந்த டிரைவரும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

விண்டோஸ் வழி லேசானது. டிவைஸ் மனேஜரில் மஞ்சள் குறி தெரியும், தயாரிப்பாளரின் டிரைவரை இறக்கிப் போட்டால் குறி போய்விடும். ஐபிஎம் டிரைவ் என்றால் பொதியில் இரண்டு நிறுவிகள் இருக்கும்: எக்ஸ்க்ளூசிவ், நான்-எக்ஸ்க்ளூசிவ். வீம் என்ற பேக்கப் மென்பொருளைப் பாவிப்பவர்கள் இரண்டாவதைத்தான் போடவேண்டும். சிக்கல் அதற்குப் பிறகு. 2008இலிருந்து வருகிற விண்டோஸ் சேர்வர் பேக்கப் டேப்பில் எழுதாது, ஆகவே எழுதுகிற மென்பொருளைத் தனியாகத் தேடவேண்டும். ஏற்கெனவே வீமுக்குக் காசு கட்டியிருந்தால் இந்த வழியிலேயே போங்கள். மிச்சத்தை வாசித்துக் குழம்பவேண்டாம்.

லின்-டேப் ஐபிஎம் டிரைவுகளுக்கானது. பல டிரைவும் கசெற்றும் கொண்ட பெரிய டேப் லைப்ரரி வைத்திருப்பவர்களுக்கு நல்ல சாமான்: ஒரு பாதை அறுந்தால் மற்றப் பாதையால் வேலையைத் தொடரும். ஒற்றைக் கேபிள் வைத்திருக்கும் எங்களுக்கு மற்றப் பாதை ஏது? பராமரிப்பு வேலையோ மாதாமாதம் வரும். அது மூலநிரலாக வருவதால் உங்கள் கேர்னலுக்கு ஏற்ப நீங்களே கம்பைல் பண்ணிக் கட்டவேண்டும். கேர்னல் அப்டேட் ஆனால் திரும்பவும் கட்டவேண்டும். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத நிரலை ஏற்றவிடாத பாதுகாப்பு) போட்டிருந்தால் அதற்கு டிஜிட்டல் கையொப்பமும் இடவேண்டும். எல்டிஎஃப்எஸ் (டேப்பை பென் டிரைவ் போலக் கோப்புறையாகக் காட்டும் முறை) வேண்டும் என்பதற்காக இதைப் போடத் தேவையில்லை. திறந்த மூல எல்டிஎஃப்எஸ் இப்போது கேர்னலோடு வருகிற எஸ்ஜி என்ற இன்னொரு டிரைவர் வழியாகவே டிரைவோடு பேசுகிறது.

நான் எடுத்தது எஸ்டி. போடுவதற்கு ஒன்றுமில்லை, டிரைவைக் கொழுவி சேர்வரை எழுப்பினால் இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஸ்கசி கட்டளையில் பெயர் வந்துவிடும்.

ஆனால் என்னை விழுத்தியதும் இதே எஸ்டிதான். இதில் ஒரே டிரைவுக்கு இரண்டு பெயர்: எஸ்டி0, என்எஸ்டி0. முதலாவது, வேலை முடிந்து மூடியதும் டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். இரண்டாவது, நின்ற இடத்திலேயே நிற்கும். என் ஸ்கிரிப்ட் இரவில் முதலில் கணக்குகளை எழுதும், பிறகு ஸ்கான்களை எழுதும். இரண்டுக்கும் எஸ்டி0 என்று போட்டிருந்தேன். ஒவ்வொரு இரவும் கணக்கின்மேல் ஸ்கான் ஏறி உட்கார்ந்தது. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை, ஏனென்றால் டிரைவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

கணக்குப் பகுதி அக்கா, “தம்பி, போன மாசப் பேரேடு ஒருக்கா எடுத்துத் தாங்கோ, என்ர மெஷினில அழிஞ்சு போச்சு” என்று வந்த அன்றுதான் கசெற்றைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். முழுக்க ஸ்கான். அவருடைய மேசை லாச்சியில் கிடந்த பென் டிரைவ்தான் என் மானத்தைக் காப்பாற்றியது.

அப்படியிருந்தும் எஸ்டியை விடவில்லை. டிரைவரின் அருமை எழுதுகிற அன்று தெரியாது. இந்தச் சேர்வர் செத்து, கசெற் மட்டும் கையில் இருக்கிற ஒரு நாளில், எங்கோ ஒரு மெஷினை இரவல் வாங்கி, டிரைவைக் கொழுவி வாசிக்கவேண்டி வரும். அன்றைக்கு இணையம் இருக்குமோ, கட்டுவதற்கு கம்பைலர் இருக்குமோ யார் கண்டது? ஒரு லைவ் யூஎஸ்பியில் எஸ்டியும், கோப்புகளை டேப்பில் எழுதி வாசிக்கும் டார் கட்டளையும் இருக்கும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊரில், குறைந்த சாமானோடு ஓடுகிறதற்கே என் ஓட்டு.

இன்னொன்று: வாசிக்கும்போதோ எழுதும்போதோ ஐ/ஓ எரர் வந்ததும் டிரைவரைத் திட்டாதீர்கள். ஏ9 வீதித் தூசிக்கு யன்னல் திறந்திருக்கிற அறை என்றால் முதலில் கிளீனிங் கசெற்றைப் போட்டுப் பாருங்கள்.

இப்போது ஸ்கிரிப்டில் என்எஸ்டி0 என்றுகூட எழுதுவதில்லை. இரண்டாவது டிரைவ் வந்தால் எண் மாறலாம் என்பதால், டிரைவின் தொடர் இலக்கத்தோடு வரும் நீண்ட பெயரைப் போட்டிருக்கிறேன். கசெற்றின் முதுகில் மூன்று விஷயம் எழுதுகிறேன்: திகதி, உள்ளே எத்தனை தொகுதி, பிளாக் அளவு (ஒரு தடவையில் எழுதும் துண்டின் அளவு). எழுதிய அளவைவிடச் சின்ன பிளாக் கொடுத்து வாசித்தால் ‘நினைவகம் ஒதுக்க முடியவில்லை’ என்று எஸ்டி மறுத்துவிடும். அந்தச் செய்தியைப் பார்த்து ராம் வாங்கக் கடைக்குப் போனவரையும் எனக்குத் தெரியும்.