நிசான் ஒன் டன்: எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை

பெங்களூரு அல்சூரில் இந்த வண்டியை நிறுத்தினால் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது தல வண்டியா?" என்பதுதான். இல்லை. தோனி 2019-இல் வாங்கியது ஜோங்கா, ஜபல்பூரில் செய்த ராணுவ ஜீப். என்னுடையது அதே ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்த நிசான் ஒன் டன் லாரி. ஆனால் இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றுதான்: ஆறு சிலிண்டர், 3,956 சிசி, பெட்ரோல்.

அந்த எஞ்சினுக்காகவே இதை வாங்கலாம். ஆனேக்கல் பக்கம் எங்கள் தோப்பில் மழைக்குப் பிறகு டிராக்டரே திணறுகிற ஒரு ஏற்றம் உண்டு. தேங்காய் லோடோடு ஃபோர் வீல் போட்டு லோ கியரில் விட்டால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கக்கூட வேண்டாம், தானாக ஊர்ந்து ஏறிவிடும். ஊருக்குள் கதையே வேறு. பவர் ஸ்டீயரிங் கிடையாது. சில்க் போர்டு நெரிசலில் தோள்பட்டை கழன்றுவிடும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், முன்னால் போகிற ஆட்டோக்காரரை நம்பவே கூடாது. மைலேஜ் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் வந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

இப்போதைய பெரிய தலைவலி பெட்ரோலேதான். 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை அறிமுகம் செய்ததும் நம்ம பெங்களூருவில்தான். புது வண்டிகளுக்குச் சரி. இந்த வண்டியின் ரப்பர் எல்லாம் எத்தனாலையே பார்க்காத காலத்தது. எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்பின் டயாஃப்ரம், அதாவது ரப்பர் சவ்வு, ஊறி உப்பிவிடுகிறது, ஹோஸ் உள்ளுக்குள்ளேயே உரிந்து அந்தத் துணுக்கு கார்புரேட்டர் ஜெட்டின் பொடித் துளையில் போய் அடைத்துக்கொள்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். வண்டி தோப்பில் சும்மா நின்றால் டேங்க் துருப்பிடிக்கும், ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் நீர் தனியாகப் பிரிந்து நிற்கும். கண்ணாடி வழியாக அந்தக் கோடு பளிச்சென்று தெரியும். ராணுவத்தின் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பில் (எம்.இ.ஜி.) இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு ஹவில்தார் மாமா, "தம்பி, செல்ஃப் அடிக்கிறதுக்கு முன்னாடி கிண்ணத்தைக் கழட்டிப் பாரு" என்றார். அதற்குப் பிறகு பாதி வழியில் நிற்பது குறைந்திருக்கிறது. ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றியாயிற்று. நீங்கள் வாங்கினால் இதை முதல் வாரமே செய்துவிடுங்கள்.

ஸ்பேர்ஸ் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். ஜே.சி. ரோட்டு ஸ்பேர்ஸ் கடைகளில் வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். பேரிங், ஆயில் சீல் எல்லாம் கழற்றிக் கையில் எடுத்துப் போய் அளவைச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும். கிளச் பிளேட்டுக்குப் புது ஃபேசிங், அதாவது தேய்கிற மேல்பூச்சுப் பட்டை, ஒட்டித் தருவார்கள். அச்சுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரம் மாதிரி பெரிய சாமான் என்றால் டெல்லி மாயாபுரியில் ராணுவம் கழித்த டிஸ்போசல் வண்டிகளைப் பிரிக்கிறவர்களிடம் சொல்லி வைக்க வேண்டும், அப்புறம் பொறுமை. என் வண்டியைப் பார்ப்பது சிவாஜி நகரில் ஒரு பாய். ஸ்கேனர் கிடையாது, காதுதான். "பெட்ரோலும் கரண்டும் வந்தா ஓடியே ஆகணும் சார், இதுல வேற என்ன இருக்கு?" என்பார். அவர் வயதைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

தாள் விஷயத்தில் கறாராக இருங்கள். ராணுவத்தில் கழித்த வண்டியைப் பதிவு செய்ய, ஏலம் விட்ட அதிகாரிகள் தந்த ஃபார்ம் 21 என்ற விற்பனைச் சான்றிதழ் அசலாக வேண்டும். அது இல்லாமல் விற்பவர் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் அது இரும்பு விலைக்குத்தான் பெறும். ஆலிவ் பச்சையும் அடிக்கக் கூடாது. மோட்டார் வாகன விதிப்படி அந்த நிறம் ராணுவத்துக்கு மட்டும். என்னுடையது சாம்பல் நிறம். கதவில் பெயின்ட் உரிந்த இடத்தில் பழைய ராணுவ நம்பரின் மேல்நோக்கிய அம்புக்குறி இன்னும் எட்டிப் பார்க்கிறது. அதைச் சுரண்ட எனக்கு மனசில்லை.

கடைசியாக டயர். என் வண்டியில் இருப்பது லாக் ரிங் வீல்: டயரைத் தனியாக ஒரு இரும்பு வளையம்தான் வீலில் பிடித்து வைத்திருக்கும். ரிங் சரியாக உட்காராமல் காற்று ஏற்றினால் தெறித்து ஆளையே அடித்துவிடும். டியூப்லெஸ் மட்டும் பார்த்துப் பழகிய கடைப் பையன்கள் கை வைக்க மாட்டோம் என்பார்கள், அது நியாயம்தான், வற்புறுத்தாதீர்கள். ஓசூர் ரோட்டில் சந்தாபுரா பக்கம் லாரி டயர் பார்க்கிற கடைகள் உண்டு. வீலைச் சுற்றிச் சங்கிலி போட்டு, நீளமான ஹோஸோடு தள்ளி நின்று காற்றடிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வண்டியை விடுங்கள்.