விதையும் நாற்றும் எங்கே வாங்கலாம்: ஒரு மாடித்தோட்ட அனுபவம்

மதுரையில் மொட்டைமாடியில் காய்கறி வளர்க்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆன நிலையில், விதை, நாற்று, கன்று அனைத்தையும் ஒரே இடத்தில் வாங்குவதை நான் விட்டுவிட்டேன். எந்தப் பயிர் என்பதைப் பொறுத்தே எங்கே வாங்குவது என்று முடிவு செய்கிறேன்.

வெண்டை, தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றுக்கு அரசு ஆராய்ச்சி நிறுவனங்களின் விதையே என் முதல் தேர்வு. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா வெண்டை, மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்குவதற்காக உருவாக்கப்பட்டது. கலப்பினம் அல்ல என்பதால் முற்றவிட்ட காயிலிருந்து எடுத்த விதையையே அடுத்த பட்டத்துக்கும் போடலாம். அதே நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் தக்காளி நோய் தாங்குவதில் கெட்டிக்காரச் செடிதான், ஆனால் வீரிய ஒட்டு ரகம், அதாவது கலப்பினம். ஒவ்வொரு முறையும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். முருங்கைக்குப் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 விதை போதும்.

கடைப் பொட்டலங்களில் நிறுவனத்தின் பெயரைவிடப் பரிசோதனை நாளையும் முளைப்புத்திறனையும்தான் பார்க்கிறேன். சான்று விதைக்குரிய குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளிக்கும் கத்தரிக்கும் 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 விழுக்காடு. இணைய அங்காடி ஒன்றில் வாங்கிய சிறு பொட்டலங்களில் நாளும் இல்லை, எந்தத் தொகுதி விதை என்று காட்டும் குவியல் எண்ணும் இல்லை. அவற்றில் வெங்காயம் ஒன்றுகூட முளைக்கவில்லை. வெங்காய விதை விரைவில் உயிர்ப்பை இழப்பது என்பதால், நாள் குறிக்காத பொட்டலத்தை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடுவதில்லை.

நாட்டு விதைகளுக்கு விதைத் திருவிழாக்களே சிறந்த இடம் என்றாலும், அங்கே பயிருக்குப் பயிர் நம்பகம் மாறுபடும். தக்காளியும் காராமணியும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால், யாரிடம் வாங்கினாலும் ரகம் அநேகமாகக் கெடுவதில்லை. சுரை, பூசணி, பீர்க்கு அப்படியல்ல: தேனீயும் அந்துப்பூச்சியும் பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும் என்பதால், குடுவைச் சுரை என்று வாங்கியது நீளமாகவும் கோணலாகவும் காய்த்ததை நான் கண்டிருக்கிறேன். ஆகவே இவற்றை விற்பவரிடம், அருகில் வேறு ரகம் போட்டிருந்தாரா, பூவைக் கட்டிவைத்துக் கையால் மகரந்தம் சேர்த்தாரா என்று கேட்ட பிறகே வாங்குகிறேன். உண்மையாகப் பாதுகாப்பவர்கள் இக்கேள்விக்கு மகிழ்ந்து நெடுநேரம் பேசுவார்கள். விதையைவிட அந்தப் பேச்சு சில சமயம் கூடுதல் பயன் தருவதும் உண்டு.

எலுமிச்சை, கொய்யா, மாங்கன்றுகளை அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் வாங்குவதே எனக்குப் பிடித்திருக்கிறது. சாலையோர நாற்றங்கால்களில் வாங்கினால், காயோடு நிற்கும் கன்றைப் பார்த்து மயங்காமல், ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே துளிர் வந்திருக்கிறதா, பையின் அடியில் வேர் சுருண்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கொத்தமல்லி, வெந்தயம், இஞ்சி, சேனை ஆகியவற்றுக்கு விதைக் கடை எதுவும் தேவையில்லை. மளிகைக் கடையும் காய்கறிச் சந்தையும் போதும். பொங்கலுக்கு வாங்கும் மஞ்சள் கொத்தின் கிழங்கை நிழலில் வைத்திருந்து, வைகாசியில் முளை கட்டியதும் தொட்டியில் ஊன்றிவிடுகிறேன்.