தனியார் போஸ்ட்மார்ட்டத்துக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அறுவை சிகிச்சை முடிந்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சித்தப்பா, மருத்துவமனையிலேயே இறந்துபோனார். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். சித்திக்கு மனசு ஒப்பவில்லை. சந்தேகப்பட எதுவும் இல்லை என்று அதிகாரிகள் சொல்லிவிட்டதால் அரசுத் தரப்புப் பிரேதப் பரிசோதனைக்கு வழியில்லை. சரி, தனியாரிடம் செய்துவிடலாம் என்று ஒரு நிறுவனத்தைப் பிடித்தோம். அவர்கள் எங்களை எப்படி மொட்டையடித்தார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன்.

போனில் ஒரு தொகை சொன்னார்கள். முழுவதையும் முன்பணமாகக் கட்டினால்தான் ஆள் வருவார்களாம். "எல்லாம் சேர்த்துத்தானே?" என்று கேட்டேன். "எல்லாம் சேர்த்துத்தாங்க" என்றார் எதிர்முனையில் இருந்தவர். அப்புறம் வந்த பில்லில் உடலை எடுத்துப்போன வண்டிக்குத் தனி, திசுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கத் தனி, ரத்தத்தில் மருந்தோ விஷமோ இருக்கிறதா என்று பார்க்கத் தனி, மூளைக்குத் தனி. மூளை விஷயத்திலாவது கொஞ்சம் நியாயம் உண்டு. அதை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் இரண்டு வாரம் போல ஊறவைத்த பிறகுதான் ஒழுங்காக அறுத்துப் பார்க்க முடியும். பெரும்பாலும் வேறொரு நிபுணர் பார்க்க வேண்டும். ஆனால் மைக்ரோஸ்கோப் பரிசோதனையை எப்படிக் கூடுதல் என்று சொல்கிறார்கள்? மாரடைப்பு வந்து சில மணி நேரத்தில் இறந்தவரின் இதயத் தசையில் வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. வெட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டால் அது அரைகுறை வேலைதான்.

வந்தவரிடம் "நீங்கள்தான் டாக்டரா?" என்று தம்பி கேட்டான். "டாக்டர் அப்புறம் பார்ப்பார்" என்றார் அவர். அந்த டாக்டரை நாங்கள் யாரும் பார்க்கவே இல்லை. மாதக்கணக்கில் போன் போட்டு, கெஞ்சி, கடைசியில் வக்கீல் பெயரைச் சொன்ன பிறகு அறிக்கை வந்தது. அதில் ஒரு வரி: "பித்தப்பை: இயல்பான அளவு, கற்கள் இல்லை." சித்தப்பாவுக்குப் பித்தப்பையை எடுத்துப் பல வருஷம் ஆகிறது! வேறு யாருடைய அறிக்கையிலோ பெயரை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். இல்லாத உறுப்பையே பார்த்தவர்கள், இருந்த இதயத்தை எந்த லட்சணத்தில் பார்த்திருப்பார்கள்?

எங்களுக்கு மட்டும் நடந்த கதை இல்லை இது. அமெரிக்காவில் ஷான் பார்செல்ஸ் என்று ஒருவர், மருத்துவரே கிடையாது. 2014-ல் ஃபெர்குசனில் போலீஸ் சுட்டு இறந்த மைக்கேல் பிரவுனின் தனியார் பரிசோதனையில் உதவியாளராக நின்று டிவியில் முகம் தெரிந்தவர். பிறகு கன்சாஸில் சொந்தமாக நிறுவனம் நடத்தி, நூற்றுக்கணக்கான குடும்பங்களிடம் பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்கினார். பல உடல்களைத் தகுதியுள்ள மருத்துவர் யாரும் பார்க்கவே இல்லை. 2022-ல் அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அங்கே ஒரு பரிசோதனைக்குச் சாதாரணமாகவே சில ஆயிரம் டாலர் ஆகும். துக்கத்தில் இருக்கிறவன் பேரம் பேச மாட்டான் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

பணம் யார் கட்டுவது என்பது அடுத்த தலைவலி. அரசு உத்தரவிட்ட பரிசோதனைக்குக் குடும்பம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. உள்நோயாளியாக இறந்திருந்தால் சில மருத்துவமனைகள், குறிப்பாக மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தவை, குடும்பத்தார் கையெழுத்துப் போட்டால் கட்டணமில்லாமலே செய்வதுண்டு. கேட்காமல் சொல்ல மாட்டார்கள். (எங்களுக்குச் சந்தேகமே அந்த மருத்துவமனை மேல்தான், அதனால் அது உதவவில்லை.) நாமாகக் கேட்டுச் செய்வதற்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பைசா தராது. ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தன் சந்தேகத்துக்காகக் கேட்டால் அதன் செலவை அதுதான் ஏற்க வேண்டும், உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள். வழக்குப் போடுவதாக இருந்தால் சில வக்கீல்கள் முதலில் கட்டிவிட்டு இழப்பீட்டில் கழித்துக்கொள்வார்கள். தோற்றால் யார் கட்டுவது என்பதைக் காகிதத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் விஷயத்தில் முழுவதும் சித்தியின் சேமிப்பிலிருந்துதான் போனது.

யாரிடம் போனாலும், அறிக்கையில் கையெழுத்துப் போடப்போகிற மருத்துவரின் பெயரையும் பதிவு எண்ணையும் முதலில் வாங்கி நீங்களே சரிபாருங்கள். அவரே நேரில் இருந்து செய்வாரா என்று எழுத்தில் கேளுங்கள். கட்டணத்தில் எது சேரும், எது சேராது என்பதும் எழுத்தில் வேண்டும். நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்தால் அதற்குத் தனியாக வாங்குவார்கள், அதையும் கேட்டு வையுங்கள். பாதிப் பணத்தை அறிக்கை கைக்கு வரும்வரை நிறுத்தி வைக்கப் பாருங்கள். உடலைப் பதப்படுத்தும் முன் இதையெல்லாம் முடிவு செய்ய வேண்டும்; பதப்படுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் வீண். மருத்துவமனையில் ஏற்கெனவே எடுத்த ரத்த மாதிரிகளைச் சில நாட்களில் கொட்டிவிடுவார்கள் என்பதால், அவற்றை வைத்திருக்கச் சொல்லி அன்றைக்கே கடிதம் கொடுங்கள்.

திசுக்களை மெழுகுக் கட்டிகளில் பதித்து வைப்பார்கள், அவை பல வருஷம் கெடாது. வேறொரு நோயியல் மருத்துவரிடம் காட்டலாம் என்று எங்களுடையதைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று பதில் வந்திருக்கிறது.